பத்தொன்பதாம் நாள், ஏழு நிமிடம்

பிப்ரவரி 11

தங்கைக்கு,

மேலே அடித்திருக்கும் சொல் 'அன்புள்ள'. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மனசு அதோடு வரவில்லை, அதனால் அடித்துவிட்டேன்.

அம்மா போய் இன்றோடு பதினாறு நாள். இதற்குள் நீ ஏழெட்டுத் தடவை போன் செய்துவிட்டாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது. எழுதும்போதாவது நாலு வார்த்தை யோசித்து வரும்.

அம்மா விழுந்த அன்றைக்கே உனக்குச் சொன்னேனா இல்லையா? அதற்குப் பிறகு முழுசாக இரண்டு நாள் இருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. "சின்னவ கெளம்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் என்ன சொல்வேன்? நீ என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இன்னைக்குப் பதினேழாம் நாள்ணே. இப்ப விட்டுட்டு வந்தா எல்லாம் போச்சு." பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நாள் எண்ணுகிறாய், உன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிற ஒரு தொட்டிக்கு. பெற்றவளுக்கு எண்ணவில்லை.

அவள் மூச்சு நின்றதும் சமையலறைச் சுவர் போனில் உன்னைத்தான் முதலில் கூப்பிட்டேன். "அம்மா போயிட்டா" என்றேன். நீ "ம்" என்றாய். இரண்டு நிமிடம் இருக்குமா? அதற்குள் வைத்துவிட்டாய். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அதற்கு அப்புறம் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்கு உறைக்கட்டும். அன்று காலை பழக்கத்தில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டேன், சாப்பிட மறந்துவிட்டேன். சர்க்கரை தடதடவென்று இறங்கியிருக்கிறது. எனக்குத்தான் இறங்குவது தெரியாதே. மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், எனக்கு அந்த மணி அறுந்து வருஷக்கணக்காகிறது. எனக்குப் பதிலாக அம்மாவுக்குத்தான் தெரியும். நான் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, ஷூவைக் காணோம் என்று தேட ஆரம்பித்தால், அவள் கையில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நிற்பாள்.

அன்று எல்லோரும் வண்டி பிடிக்கவும் சொல்லி அனுப்பவும் வெளியே போயிருந்தார்கள். வீட்டில் நானும் அவளும்தான், அவள் முன்னறையில் படுத்திருந்தாள். நான் கண் விழித்தபோது சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ரிசீவர் கீழே தொங்குகிறது. என் கையில் காலி டம்ளர், அடியில் கரையாத சர்க்கரை. நான் கேட்டேன், காதால் கேட்டேன். "பெரியவனே, மூச்சு விடாம குடிச்சிடு. அப்புறமா என்னைத் திட்டு." அவள் எப்போதும் சொல்வதுதான், அதே அதட்டல். நான் பேயை நம்புகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அது அவள்தான்.

செத்தும் எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள் அவள். உயிரோடு இருக்கிற நீ ஒரு 'ம்' கொடுத்தாய்.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தாயிற்று. வராததற்கு மன்னிப்புக் கேட்டால் அது மிகச் சின்னதாக இருக்கிறது, காரணம் சொன்னால் சமாளிப்பது போல இருக்கிறது. இருந்தாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி, தொட்டி என்று திட்டுகிறாயே, அது என்ன என்றாவது தெரிந்துகொண்டு திட்டு.

உன் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் உன் பதினோராம் வயதில் செத்துவிட்டன. அந்தச் செல்களைத்தான் நாங்கள் வெளியே வளர்க்கிறோம். எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லில் தொடங்கி, கட்டம் கட்டமாக மருந்தை மாற்றி, முப்பத்தோரு நாளில் அதைக் கணையச் செல்லாக்க வேண்டும். சின்னக் குப்பியில் இதை நன்றாகவே செய்துவிடுகிறோம். ஆனால் ஒரு ஆளுக்கு எண்பது கோடி செல் வேண்டுமே. அதற்குத்தான் பத்து லிட்டர் பயோரியாக்டர், நீ சொல்லும் தொட்டி. குப்பியில் ஒழுங்காக இருக்கிற செல், தொட்டிக்கு வந்ததும் முரண்டு பிடிக்கும். வேகமாகக் கலக்கினால் பிய்ந்து சாகும், மெதுவாகக் கலக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரவை மாதிரி பொடிப்பொடி உருண்டைகளாக மிதந்துகொண்டே இருக்க வேண்டும்.

தினமும் ஒரு தடவை கலக்கியை நிறுத்துவோம். உருண்டைகள் அடியில் படியும். மேலே இருக்கிற பழைய நீரை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றி மறுபடி கலக்கியை ஓட்டுவோம். நிறுத்துவது ஏழு நிமிடம். பன்னிரண்டைத் தாண்டினால் படிந்ததெல்லாம் கட்டியாகிவிடும். கட்டியின் நடுவே காற்று போகாது, உள்ளே செத்துவிடும். இதைச் செய்யப் பழகிய கைகள் இங்கே இரண்டே ஜோடி. இன்னொருவர் மணிக்கட்டை முறித்துக்கொண்டு கட்டோடு வீட்டில் இருந்தார். ஏற்கெனவே இரண்டு தொட்டி வீணாகியிருந்தது. இது மூன்றாவது, மார்ச் முடிவதற்குள் ஒரு தொட்டியாவது தேற வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் கெடு வைத்திருக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வண்டி ஓட்டும்போதே மயங்கி நீ பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிய அன்று, ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கேட்டாய். "நீதான் பெரிய படிப்பு படிச்சிருக்கியே, இதுக்கு ஒண்ணும் இல்லையா?" அந்த மாதமே நான் இந்த வேலைக்கு மாறினேன். இந்தத் தொட்டி நாலு பேருக்கு. மூன்றாவது பெயர் உன்னுடையது. நான் சேர்க்கவில்லை, டாக்டர்கள் சேர்த்தார்கள். நான் உன் தங்கை என்பதை அவர்களுக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். அம்மாவை விட்டது உனக்காக என்று சொல்ல வரவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

முப்பத்தோரு நாள் முடிந்து தொட்டியிலிருந்து செல்களை எடுத்தாயிற்று. பரிசோதனை முடிவு மாதக் கடைசியில் தெரியும்.

போன் பற்றி நீ எழுதியிருந்தது... அது இருக்கட்டும். அந்தக் குரல் அம்மாவுடையதுதான் என்று உனக்கு நிச்சயமா? சும்மாதான் கேட்டேன். வீட்டில் இப்போது யார் கூட இருக்கிறார்கள்? கைக்கெட்டும் இடத்தில் சர்க்கரை வைத்துக்கொள்.

தங்கை


மார்ச் 1

தங்கைக்கு,

கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு செய்தி இருக்கிறது, சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். எட்டுக் குழாய் ரத்தம் எடுத்தார்கள். "கொஞ்சம் எனக்கும் விட்டு வைங்கம்மா" என்றேன், நர்ஸ் சிரிக்கவே இல்லை. அந்தச் செல்களைக் கல்லீரலுக்குள் செலுத்துவார்களாமே? கணையத்துக்கு வேண்டியதைக் கல்லீரலில் குடி வைப்பது வாடகைக்கு வீடு எடுப்பது மாதிரி இருக்கிறது. உடம்பு விரட்டிவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. சரி என்று கையெழுத்துப் போட்டேன். டாக்டர், "ஊசியே வேணாம்னு ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஆனா இப்படி மயங்கி விழறது நின்னுடும்னு நம்பறோம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

டிப்போவில் என் உத்தியோகம் தெரியும்தானே, தொலைந்த பொருள் கவுண்டர். நேற்று ஒரு ஆள் வந்து, "என் குடையைக் காணோம், கறுப்பு" என்றார். அலமாரியைத் திறந்து காட்டினேன், நாற்பத்தோரு கறுப்புக் குடை. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல எதுவுமே இல்ல" என்று போய்விட்டார். இந்த மூன்று வருஷத்தில் குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல் செட்டு எல்லாம் வந்திருக்கிறது. தேடிக்கொண்டு வருகிறவனுக்கு அவன் பொருள் கிடைத்து நான் பார்த்தது கம்மிதான்.

வீட்டில் யார் கூட என்று கேட்டிருந்தாய். மாடியில் இருக்கிற தையற்காரம்மா காலையில் கதவைத் தட்டி, நான் பதில் சொல்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சர்க்கரைப் பொட்டலமும் இப்போது பையில் வைத்துக்கொள்வதில்லை. நான்தான் சொன்னேனே, அம்மா இருக்கிறாள். அந்த டம்ளரைக் கழுவாமல் அலமாரி மேல் வைத்திருக்கிறேன், அடியில் சர்க்கரை இன்னும் ஒட்டியிருக்கிறது. இறங்கினால் அவள் எழுப்புவாள். நிச்சயமா என்று கேட்டாயே, முப்பத்தைந்து வருஷம் அந்தக் குரலுக்குக் குடித்தவன் நான். எனக்குத் தெரியாதா?

முடிவு வந்ததும் எழுது. உடனே எழுது.

அண்ணன்


மார்ச் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டி தேறவில்லை. உருண்டைகளில் பாதி கட்டியாகி உள்ளே செத்துக் கிடக்கிறது. மீதியில் சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தால் இன்சுலின் சரியாகச் சுரக்கவில்லை. இதை யார் உடம்பிலும் செலுத்த முடியாது. முழுவதையும் மருந்து ஊற்றிக் கொன்று அப்புறப்படுத்திவிட்டோம். நான்தான் ஊற்றினேன்.

கலக்கியில் கோளாறு இருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். சர்க்கரைப் பொட்டலத்தை மறுபடி பையில் போட்டுக்கொள். தையற்காரம்மாவைத் தட்டச் சொல். அம்மா எழுப்புவாள் என்று நம்பி இருக்காதே. ஏன் என்று கேட்காதே, செய்.

தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். "திட்டத்தையே நிறுத்திட்டாங்க சார், உங்க ஃபைலை மூடிடறோம்." அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். நானும் மரியாதையாகச் சரி என்றேன். அப்புறம் கவுண்டரில் உட்கார்ந்து நாற்பத்தோரு குடையையும் ஒன்று விடாமல் விரித்து மடக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆக, நாலு பேருக்கு என்றாய், எண்பது கோடி என்றாய், கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைக் கீழே கொட்டினாய். அதற்காகவா அம்மாவை ஒரு தடவை வந்து பார்க்காமல் விட்டாய்? வந்திருந்தாலும் தொட்டி போயிருக்கும், வராமலும் போயிற்று. வந்திருந்தால் அம்மாவாவது உன் முகத்தைப் பார்த்திருப்பாள். இந்தக் கணக்கு உன் பெரிய படிப்பில் வரவில்லையா?

கலக்கியில் கோளாறு இருக்கலாமாம். இருக்கலாம் என்றால்? நான் பஸ்ஸை முட்டியபோது, பிரேக்கில் கோளாறு இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் டிப்போ மேலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே சொல்லிவிட்டேன், மயங்கிவிட்டேன் என்று. அன்றோடு ஸ்டியரிங் போயிற்று. ஆனால் சொன்னேன்.

அப்புறம், அம்மாவை நம்பாதே என்று சொல்ல நீ யார்? உனக்குப் பொறாமை. அவள் உன்னிடம் வரவில்லை, என்னிடம் வந்தாள். போன வாரம் குளியலறையில் விழுந்தேன். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். தானாக எழுந்தேன். அவள்தான் எழுப்பியிருப்பாள், எனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். அதிலும் கை வைக்காதே.

அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

கை வைக்கத்தான் போகிறேன். இதைப் படித்த பிறகு நீ எனக்கு எழுதாமல் போகலாம். குளியலறையில் விழுந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அன்று நீ என்னோடு பேசியது இரண்டு நிமிடம் இல்லை. இருபத்தாறு நிமிடம்.

அன்று பத்தொன்பதாம் நாள். நான் கலக்கியை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடை மாற்றும் சின்ன அறையில் இருக்கிற போன் அடித்தது. ஏழு நிமிடம் இருக்கிறதே, அதற்குள் பேசிவிடலாம் என்று வெளியே வந்தேன். நீ "அம்மா போயிட்டா" என்றாய். எனக்கு 'ம்' என்றுதான் வந்தது. அது வரைக்கும்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ என்னைத் திட்ட ஆரம்பித்தாய். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "என் ஷூவை எங்க வச்ச?" என்றாய்.

"அண்ணே, சர்க்கரை இறங்குது, ஏதாவது குடி" என்றேன். "நீ யாரு சொல்றதுக்கு? அம்மாகிட்ட குடு போனை" என்றாய். நான் எத்தனை விதமாகச் சொல்லியும், "அம்மாகிட்ட குடு, அம்மாகிட்ட குடு" என்று அதையே சொன்னாய். அம்மா போய்விட்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாய், அண்ணே. அது உனக்கே மறந்துவிட்டது. உன் நாக்கு குழற ஆரம்பித்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கத்தினேன். யாரும் இல்லை.

அதனால் அம்மா மாதிரி பேசினேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, அந்த அதட்டல் அப்படியே வந்தது. "பெரியவனே, அடுப்புக்குப் பக்கத்துல டப்பா இருக்கு பாரு. டம்ளர்ல போடு. தண்ணி ஊத்து. மூச்சு விடாம குடிச்சிடு. அப்புறமா என்னைத் திட்டு." நீ "சரிம்மா" என்றாய். நல்ல பிள்ளையாக, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல். டப்பா விழுகிற சத்தம் கேட்டது. குடிக்கிற சத்தமும் கேட்டது. இன்னொரு டம்ளர் குடிக்கச் சொன்னேன், குடித்தாய். பிறகு மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அம்மாவாகவே உன்னோடு பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீ "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டாய். அந்தக் குரல் தெளிவாக இருந்தது, ஆள் திரும்பி வந்துவிட்டாய் என்று புரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

நடுவில் ஒரு தடவை தொட்டி ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் கலக்கியை ஓட்டிவிட்டு வர, கையுறை மாற்றி, ஒரு கதவு மூடி மறு கதவு திறந்து, நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடம் உன்னைத் தனியாக விட மனசு இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகு. உள்ளே போனேன், கலக்கியை ஓட்டினேன், பதிவேட்டில் எழுதினேன். 'பத்தொன்பதாம் நாள், நிறுத்தம் ஏழு நிமிடம்.' அம்மா செத்த அன்று, தொட்டியும் போய்விட்டது என்று என் கையால் எழுத முடியவில்லை. ஒருவேளை கட்டி உடைந்து சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. உன் பெயர் அந்தத் தொட்டியில் இருந்தது.

உன் கடிதத்தில் பிரேக் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றே எங்கள் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கொட்டிட்டு மறுநாளே அடுத்ததை ஆரம்பிச்சிருக்கலாமே. கொடுத்த கெடுவுக்குள்ள முடிஞ்சிருக்கும். போன வாரம் மூடியாச்சும்மா, இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். உன் போன் தொட்டியைக் கெடுத்தது, அண்ணே. ஆனால் திட்டத்தைக் கெடுத்தது என் ஏழு. நாலு பேர் காத்திருந்தார்கள். மற்ற மூன்று பேரின் தங்கைகள் யார் என்று எனக்குத் தெரியாது.

நேற்றோடு எனக்கு இங்கே வேலை இல்லை. நான் அங்கே வந்துவிடவா? நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால், சர்க்கரையையாவது மேசை மேல் வை. உன்னை எழுப்ப அந்த வீட்டில் யாரும் இல்லை. அன்றும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நம்பவில்லை. நீ செய்த தப்புக்கு ஒரு நல்ல காரணம் தேடி என்னையும் அம்மாவையும் உள்ளே இழுக்கிறாய். உனக்கு அம்மா குரல் வருமா? சின்ன வயசில் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் போல நீ பேசிக் காட்டுவாய், அது உண்மைதான். அதற்காக?

வராதே. வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவாய், நான் எப்போது விழுவேன் என்று. அம்மா அப்படிப் பார்த்ததே இல்லை. அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பாள், காதை மட்டும் என் பக்கம் வைத்திருப்பாள். உனக்காக ஒன்று செய்திருக்கிறேன், சர்க்கரை டப்பாவை மேசை மேலேயே வைத்திருக்கிறேன். இதோ கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்திதானே?

டிப்போவில் இன்று ஒரு குடை கூட வரவில்லை. வெயில். குடை எல்லாம் கறுப்பு. ஏன் எல்லாம் கறுப்பாக வாங்குகிறார்கள், அதனால்தான் தொலைகிறது. நான் எத்தனை தடவை சொன்னேன் எல்லாம் கறுப்பு வாங்காதீர்கள் என்று. என் ஷூவும் கறுப்புதான். அதை யார் எடுத்தது. ஐந்தரை வண்டி என்னுடையது, நான் போகாவிட்டால் வண்டி நிற்கும், ஜனங்கள் நிற்பார்கள். ஷூ இல்லாமல் எப்படிப் போவது. நீ எடுத்திருப்பாய். உனக்கு எப்போதும் என் பொருளை எடுப்பதே வேலை. அம்மாவைக் கேட்டால் தெரியும். அம்மாகிட்ட குடு. எழுதறது போதும் அம்மாகிட்ட குடு போனை. அம்மாகிட்ட ஷூ


ஏப்ரல் 3

மேலே இருப்பதை இன்று காலை மேசை மேல் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான். 'திருப்திதானே' வரைக்கும் எழுதியது ஞாபகம் இருக்கிறது.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தேன். ஒரு காலில் ஷூ. தாடை கிழிந்திருக்கிறது, தையல் போட்டுக்கொண்டு வந்துதான் இதை எழுதுகிறேன். உடம்பு எப்படியோ தானாக மேலே வந்திருக்கிறது, எல்லாத் தடவையும் அப்படி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரை டப்பா மேசை மேலேயே இருந்தது, மூடி கூடத் திறக்கவில்லை. கையை நீட்டினால் எட்டும். நீட்டச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விழுந்து கிடந்ததில் பாதி நேரம் எனக்கு அரைகுறையாக நினைவு இருந்தது. அந்த நேரம் முழுக்க நான் காத்திருந்தேன், இதோ அதட்டுவாள் என்று. இந்தத் தடவை எந்தக் குரலும் வரவில்லை. அதனால் நீ எழுதியது உண்மைதான்.

இருபத்தாறு நிமிடம் பேசியிருக்கிறாய். நான் உனக்கு 'ம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

டம்ளரைக் கழுவிவிட்டேன்.

இனி அந்தச் செல் வராது என்று எனக்குத் தெரியும். வேறு எங்காவது, வேறு யாராவது வளர்ப்பார்கள், அது வரைக்கும் நான் தாங்க மாட்டேன். நீ இங்கே வந்தாலும் என்னோடு எத்தனை நாள் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாய்? ஒன்று செய். தினமும் காலை ஏழு மணிக்குச் சுவர் போனில் கூப்பிடு, ஊசி போட்டு அரை மணி ஆகியிருக்கும். இந்த ஒரு வேளைதான். மற்ற வேளையில் இறங்கினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, நீயும் அழாதே.

நான் ஒழுங்காகப் பேசினால் வைத்துவிடு. ஷூவைப் பற்றிப் பேசினால் மட்டும் நீ நீயாகப் பேசாதே. நீ சொன்னால் நான் கேட்க மாட்டேன், என் புத்தி எனக்குத் தெரியும். அம்மாவாகவே பேசு.

அன்புள்ள அண்ணன்